மூடின கதவின்ட போட்டோ

போன கிழமை போன்ல இடம் இல்லையெண்டு திரும்பத் திரும்ப மெசேஜ் வந்துகொண்டே இருந்ததால பழைய போட்டோக்களை ஒவ்வொண்டா அழிச்சுக்கொண்டு வந்தன். கலியாண வீடு, கோணேசர் கோயில் தேர், நிலாவெளிக் கடற்கரையில பிள்ளையள் மணல்ல வீடு கட்டினது எண்டு எல்லாத்திலயும் ஒண்டை வச்சு நாலை அழிச்சுக் கொண்டு போக, 2018 ஒக்டோபர்ல வந்து கை நிண்டுட்டுது. ஒரு போட்டோ. ஈரமான மண்ணிறச் சுவர், அதில அஞ்சு ரூவாக் குத்தி அளவில ஒரு வட்ட மூடி, மூடியின்ட ஓரத்தில இருந்து சூரியக் கதிர் மாதிரி ஏழெட்டு நூல் சுவரில ஒட்டிக்கொண்டு கிடக்குது. அவ்வளவுதான். ஆர் பார்த்தாலும் கை தவறி எடுபட்ட போட்டோ எண்டுதான் நினைப்பாங்க. ஆனா எனக்கு அதை அழிக்கவும் ஏலாது, பார்க்கவும் ஏலாது. இத்தினை வருசமா மனசுக்குள்ள கிடந்து அரிச்சுக்கொண்டிருக்கிற விசயம், எழுதினாலாவது கொஞ்சம் அடங்குமோ எண்டுதான் இதை எழுதுறன்.

அந்த வருசம் மாமியைக் கூட்டிக்கொண்டு மலேசியா போனன். மாமியின்ட மகள், எனக்கு மச்சாள், கலியாணம் கட்டி கிளாங்கில இருக்கிறா. பேரப்பிள்ளை பிறந்தா பத்துமலைக்கு வந்து படி ஏறுறன் எண்டு மாமி நேர்த்தி வச்சிருந்தா. பத்துமலையைப் பத்தி உங்களுக்கு நான் புதுசாச் சொல்ல ஒண்டுமில்ல, 272 படி, கீழ தங்க நிற முருகன், எல்லாம் தெரிஞ்சதுதான். நாங்க போறதுக்கு ரெண்டு மாசம் முதல்தான் படி முழுக்க வானவில் மாதிரி நிறம் அடிச்சிருந்தாங்க, அதால படியில சாமி கும்பிட வந்த சனத்தை விடப் போட்டோ எடுக்க வந்த சனம்தான் கூட. மாமி வெறுங்காலோட, இருபது படிக்கு ஒருக்கா நிண்டு, வாய்க்குள்ள முருகா முருகா எண்டு ஏறி முடிச்சா. மேல பெரிய குகைக்குள்ள சீமெந்துத் தரை, குழாய் லைற், ஸ்பீக்கர், குரங்கு, புறா, செல்பி எடுக்கிற கூட்டம். கும்பிட்டு முடிச்சு வெளிய வந்த மாமி, "தம்பி, முருகனை ஆறுதலா ஒருக்காப் பார்க்கக் கிடைக்கேல்ல, ஒரே வெளிச்சமும் சத்தமுமாக் கிடக்கு" எண்டு முகம் வாடிச் சொன்னா. அந்த வசனம்தான் பிறகு நடந்த எல்லாத்துக்கும் காரணம் எண்டு நினைக்கிறன்.

இறங்கி வரேக்க வலப்பக்கம் இன்னொரு குகைக்குப் போற பாதை இருந்தது. இருட்டுக்குகை எண்டுதான் அதுக்குப் பேர். அப்ப டிக்கெட் எடுத்தா ஹெல்மெட்டும் ரோச் லைற்றும் தந்து பத்துப் பதினைஞ்சு பேரா உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போவாங்க. "அங்க லைற் இல்லையோ?" எண்டு மாமி கேட்டா. இல்லையெண்டன். "அப்ப வா" எண்டுட்டா.

இருட்டுக்குள்ள ஒரு சமையல்கட்டு

எங்களைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு மலேசியத் தமிழ்ப் பிள்ளை. வாசல்லயே மூக்கைப் பிடிக்கிற ஒரு காட்டம். அமோனியா, வௌவால் எச்சத்தில இருந்து வாறது எண்டு சொன்னா. கொஞ்சத் தூரம் நடக்க வெளிச்சம் சாம்பல் நிறமாகி, ஒரு வளைவு திரும்பினோண்ண எல்லாம் போயிட்டுது. பிறகு எங்கட கையில இருந்த ரோச் வெளிச்சம் மட்டும்தான். மேல ஐஸ் உருகி உறைஞ்ச மாதிரித் தொங்குற சுண்ணாம்புத் தூண்கள். மழைத்தண்ணி காத்திலயும் மண்ணிலயும் இருக்கிற காபனீரொக்சைட்டைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிக் கல்லைக் கரைச்சுக்கொண்டு இறங்குது, உள்ளுக்கு வந்து சொட்டேக்க கரைச்ச சுண்ணாம்பைத் திரும்ப விட்டுட்டுப் போகுது, அப்பிடிச் சேர்ந்து சேர்ந்து நூறு வருசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கணக்கிலதான் வளருது. "அதனால யாரும் கை வைக்காதீங்க, நம்ம கையில உள்ள எண்ணெய் பட்டா அந்த இடத்தில வளர்றது நின்னு போயிடும்" எண்டா அந்தப் பிள்ளை. மாமி உடனே கையைச் சேலைக்குள்ள சுத்திக்கொண்டா. பிறகு மெதுவா என்னட்ட, "சுண்ணாம்பு எண்டா வெத்திலைக்குப் போடுற இந்தச் சுண்ணாம்போ?" எண்டு கேட்டா. அதேதான் மாமி, கல்லைச் சுட்டா நீங்க போடுற சுண்ணாம்பு எண்டன். அவ இடுப்பில செருகியிருந்த சுண்ணாம்பு டப்பாவைத் தடவிப் பார்த்துக்கொண்டு அந்த மலையை அண்ணாந்து பார்த்த பார்வை எனக்கு இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது.

எனக்குக் குகை எண்டா அதுவரைக்கும் கல்லும் இருட்டும்தான். அதுக்குள்ள ஒரு ஊரே இருக்குமெண்டு நினைச்சுப் பார்த்ததில்ல. அந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டா. இங்க வெயில் இல்ல, வெயில் இல்லாட்டி ஒரு புல்லும் முளைக்காது, அப்ப இதுக்குள்ள இருக்கிற உயிருக்கெல்லாம் சாப்பாடு எங்க இருந்து வருது? ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. அவ ரோச்சைத் தரையில அடிச்சா. எச்சக் குவியல், முழங்கால் அளவு, பார்க்க நனைஞ்ச கோப்பித்தூள் மாதிரி. முதல்ல அசையாமக் கிடந்த மாதிரித்தான் இருந்தது, உத்துப் பார்க்கப் பார்க்க அது முழுக்க அசைஞ்சுது. கண்ணுக்குத் தெரியாத அளவில உண்ணிகள், புழுக்கள், கரப்பொத்தான், கரப்பொத்தானைப் பிடிக்கக் காத்திருக்கிற சிலந்தி, கால் நீண்ட பூரான், உடம்பை விட ரெண்டு மூண்டு மடங்கு நீளமான மீசையால தடவித் தடவி நடக்கிற குகை வெட்டுக்கிளி. இதெல்லாத்துக்கும் மேல வெளிறின நிறத்தில ஒரு பாம்பு இருக்காம், வௌவாலைப் பிடிச்சுத் தின்னுறது, குகைக்குள்ளயே வாழுறது. அதை நாங்க காணேல்ல. வௌவால் ராவில வெளிய போய்த் தின்னுட்டு வந்து உள்ளுக்கு எச்சம் போடுது, அந்த எச்சம்தான் இந்த ஊருக்கே அடுப்பு. வெயில்ல விளைஞ்சதை இருட்டுக்குள்ள சுமந்துகொண்டு வந்து பரிமாறுற வேலையை அதுகள்தான் செய்யுதுகள்.

அதில ஒரு சாதி வௌவால் பூவில தேன் குடிக்கிறது. டுரியான் பூ பின்னேரம் விரிஞ்சு விடியிறதுக்குள்ள கொட்டிடும், அந்த ஒரு ராவுக்குள்ள அதுக்கு மகரந்தம் கொண்டு போறது பெரும்பாலும் இந்த வௌவால்தான். பத்துமலையில இருந்து ராவில 30 கிலோமீற்றருக்கு மேலயும் பறந்து போய்த் தேன் குடிச்சிட்டு வருமெண்டு 1970களிலயே ஆராய்ஞ்சு எழுதியிருக்கிறாங்க. முதல் நாள்தான் மச்சாள் வீட்டில டுரியான் சாப்பிட்டிருந்தம், அந்த மணம் கையில அப்பவும் போகேல்ல.

லைற்றை நூத்தின நேரம்

கொஞ்சம் விரிஞ்ச இடமொண்டில எல்லாரையும் நிக்க வச்சு, "இப்ப எல்லாரும் லைட்டை அடைச்சிடுங்க, ரெண்டு நிமிசம் பேசாதீங்க" எண்டா. ஒண்டு ஒண்டா நூர்ந்தது. கடைசி ரோச்சும் நூர்ந்தோண்ண வந்தது வேற இருட்டு. எங்கட ஊரில யுத்தகாலத்தில மாசக்கணக்கா கரண்ட் இல்லாம இருந்திருக்கிறம், அமாவாசை ராவில கடலுக்குள்ள போயிருக்கிறன், ஆனா எங்கயாவது ஒரு நட்சத்திரம், ஒரு குப்பி விளக்கு இருக்கும், கொஞ்சத்தால கண் பழகிடும். இங்க கண் பழகாது. பழகுறதுக்கு ஒரு பொட்டு வெளிச்சமும் இல்ல. கையை முகத்துக்கு முன்னால பிடிச்சன், கை இல்ல. முதல்ல ஒரு பயம் அடிவயித்தில இருந்து வந்தது. பிறகு காது திறந்துது. தண்ணி சொட்டுறது ஒவ்வொண்டும் ஒவ்வொரு தூரத்தில, ஒவ்வொரு சுருதியில. மேல வௌவால் குஞ்சுகளின்ட கீச்சு. எல்லாத்துக்கும் அடியில லேசான ஒரு தூறல் சத்தம், சருகில மழை விழுற மாதிரி. அது மழை இல்ல, எச்சக் குவியல்ல பூச்சிகள் ஊருற சத்தம். பக்கத்தில மாமியின்ட மூச்சுக் கேட்டுது. அவ என்ட கையைப் பிடிப்பா எண்டு நினைச்சன், பிடிக்கேல்ல. லைற் வந்த பிறகு பார்த்தா மாமி ரெண்டு கையையும் நெஞ்சில குவிச்சுக் கும்பிட்டபடி நிக்கிறா. மேல கோயில்ல கிடைக்காத ஆறுதல் இங்க கிடைச்சிட்டுதோ எண்டு கேட்க வாய் வந்தது, கேட்கேல்ல.

திரும்பி வாற வழியிலதான் அது நடந்தது. வாசல் பக்கம் கொஞ்சம் முன்னால அந்தப் பிள்ளை குரலைத் தாழ்த்தி எல்லாரையும் கிட்ட வரச்சொல்லி, மங்கின ரோச்சைச் சுவரில நேர அடிக்காமச் சரிச்சுப் பிடிச்சுக் காட்டினா. பொறிக்கதவுச் சிலந்தி. அதின்ட விஞ்ஞானப் பேரிலயே பத்துமலையின்ட பேர் இருக்கு. வயித்தில பட்டி பட்டியா மடிப்பு இருக்கிற பழைய சாதி, 300 மில்லியன் வருசத்துக்கு முந்தின சிலந்தியள் எப்பிடி இருந்திச்சோ கிட்டத்தட்ட அதே உடம்போட இண்டைக்கும் இருக்கிற சாதி. சுவரில நூலால ஒரு குழாய் கட்டி, அதுக்கு ஒரு மூடியும் போட்டு, மூடியடியில இருந்து நூல்களை வெளிய இழுத்து விட்டிருக்கும். ஏதாவது பூச்சி நூல்ல தட்டினா உள்ளுக்கு இருக்கிற ஆளுக்குத் தெரிஞ்சிடும், கதவைத் திறந்து ஒரே பாய்ச்சல். பெண் சிலந்தி வருசக்கணக்கா அதே குழாய்க்குள்ளயே இருக்குமாம், வளர வளர அதையே பெருப்பிச்சுக் கொள்ளுமாம்.

கதவு ஒரு நெல்லுமணி அளவுக்குத் திறந்திருந்தது. அந்த நீக்கலுக்குள்ளால ரெண்டு முன்னங்கால் நுனி வெளிய வந்து நூலுக்கு மேல வச்சபடி. வீணை வாசிக்கிற ஆக்கள் தந்தியில விரல் வச்சுக்கொண்டு தொடங்கிறதுக்கு முதல் ஒரு கணம் இருப்பாங்களே, அப்பிடி. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. இதைப் பிள்ளையளுக்குக் காட்டவேணும் எண்ட ஆசையில போனை எடுத்து நீட்டினன். பிளாஷ் போடக்கூடாதெண்டு வாசல்லயே சொன்னவங்க, நான் நூத்திட்டன் எண்டுதான் நினைச்சன். நூத்தேல்ல. பளிச்செண்டு அடிச்சுது, கால் ரெண்டும் இல்ல, கதவு மூடிட்டுது. டக் எண்டு சத்தம் கேட்டதெண்டு நான் சத்தியம் பண்ணுவன், அவ்வளவு சின்னக் கதவுக்குச் சத்தம் இருக்குமோ இல்லையோ.

அந்தப் பிள்ளை ஏசேல்ல. ஏசியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். "அண்ணே, இனி இது எப்போ திறக்கும்னு சொல்ல முடியாது, வாங்க போகலாம்" எண்டு மட்டும் சொன்னா. படியில இறங்கேக்க மாமி நெடுகக் கதைக்கேல்ல. கீழ வந்து செருப்பைப் போடேக்க, "அது தன்ட வீட்டு வாசல்ல தன்ட பாட்டில இருந்தது தம்பி" எண்டா.

கரையாத மலை

ஊருக்கு வந்த பிறகு எனக்கு இது ஒரு வருத்தம் மாதிரிப் பிடிச்சுக்கொண்டுது. எங்கட திருகோணமலைச் சுவாமி மலையில, இராவணன் வெட்டு எண்டு சொல்லுற பாறைப் பிளவைப் பார்க்கிற நேரமெல்லாம் இங்க ஏன் அப்பிடி ஒரு குகை இல்லையெண்டு யோசிப்பன். வாசிச்சுப் பார்க்கத்தான் விளங்கிச்சு. எங்கட மலை குவார்ட்சைட், மணல் இறுகி வெந்து படிகமாகின கல்லு. அது வெடிக்கும், பிளக்கும், மழைத்தண்ணிக்குக் கரையாது. கரைஞ்சாத்தான் அந்த மாதிரிக் குகை. யாழ்ப்பாணத்தில நிலத்துக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, அதுதான் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு மேல நல்ல தண்ணியும் அடியில உப்புத் தண்ணியுமாக் கிடக்கு, அது கல்லுக் கரைஞ்சு வந்த கிடங்கு. இரத்தினபுரி மாவட்டத்தில வவுல்பனே எண்டு ஒரு சுண்ணாம்புக் குகை இருக்கு, வௌவால் எண்டதுக்கான சிங்களச் சொல் அந்தப் பேரிலயே இருக்கு. எங்களுக்கு இருக்கிற சுண்ணாம்புக்கல்லு எண்டா கடலுக்குள்ளதான், புறாத்தீவுப் பக்கத்துப் பவளப்பாறை.

ஆனா எங்களுக்கும் ஒரு குகை இருந்தது. உப்புவெளியில மாமி வீட்டு வளவுக்குப் பின்னால காணியில, வெள்ளைக்காரன் காலத்துப் பங்கர் ஒண்டு. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போட்ட காலத்துச் சாமான். சின்ன வயசில அதுக்குள்ள பேய் இருக்கெண்டு எங்களைப் பயப்பிடுத்துவாங்க. அதுக்குள்ள வௌவால் இருக்கெண்டு எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் அதைப் பெரிசா எடுத்ததில்ல. 2020 இல கொரோனா வந்தோண்ண கதை மாறிட்டுது. வௌவால்லதான் நோய் வந்ததெண்டு எல்லா வாட்ஸ்அப் குறூப்பிலயும் வந்துகொண்டிருந்த நேரம். ஊரடங்கு தளர்த்தின ஒரு பின்னேரம் பக்கத்துப் பொடியள் நாலைஞ்சு பேர் பழைய ரயரும் மண்ணெண்ணெயும் கொண்டு வந்திட்டாங்க, உள்ளுக்குப் புகை போட்டு எல்லாத்தையும் கலைச்சிட்டு வாசலைக் கல்லால அடைக்கப் போறம் எண்டு.

அவங்கட பயத்தை நான் பிழையெண்டு சொல்லமாட்டன். எனக்கும் பயம் இருந்தது. வௌவாலைத் தொடக்கூடாது, எச்சத்தூசு சுவாசத்தில போகக்கூடாது, அது கடிச்சுப்போட்ட பழத்தைத் தின்னக்கூடாது, இதெல்லாம் சரியான கதை. ஆனா புகை போட்டா அதுகள் செத்து முடியிறதில்ல, பயந்து கலைஞ்சு எங்கட வீட்டுக் கூரைக்குள்ளதான் வரும், குஞ்சுகள் கீழ விழும். இதைச் சொன்னன். பொடியள் கேட்கிற மாதிரித் தெரியேல்ல.

அப்பதான் மாமி வளவுக்குள்ளால வந்தா. வந்து ஒண்டும் பேசாம பங்கர் வாசல்ல குனிஞ்சு ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்து காட்டினா. முழுக்க இலுப்பங்கொட்டை. சதையைச் சூப்பிப்போட்டுத் துப்பினது, மண்ணிறத்தில பளபளவெண்டு. ஆடி மாசம், இலுப்பை பழுக்கிற காலம். அந்தக் கொட்டையைப் பார்த்தோண்ணதான் எனக்கு உறைச்சுது, உள்ளுக்கு இருக்கிறது பூச்சி தின்னுற சாதி இல்ல, குகை இருட்டுக்குள்ள தங்குற பழந்தின்னி வௌவால். நாக்கைத் தட்டி டிக் டிக் எண்டு சத்தம் போட்டு அந்த எதிரொலியை வச்சு வழி பார்க்கிற சாதி. பழந்தின்னியளில அப்பிடிச் செய்யிற சாதி மிச்சம் குறைவு. இலுப்பைப் பூவுக்கு மகரந்தம் கொண்டு போறதும், கொட்டையைக் கொண்டுபோய் வேற இடத்தில போடுறதும் இந்த மாதிரி வௌவால்கள்தான். மாமி பொடியளைப் பார்த்துச் சொன்னா, "உங்கட அம்மம்மாமார் கோயில் விளக்குக்கு ஊத்தின இலுப்பெண்ணெய் எங்கால வந்ததெண்டு நினைக்கிறீங்க? நானே சின்னப்பிள்ளையில இந்த வாசல்ல கொட்டை பொறுக்கிச் செக்குக்குக் கொண்டு போயிருக்கிறன்." நாப்பது வருசமா மாமியைத் தெரியும், இந்தக் கதையை அண்டைக்குத்தான் முதல்தரம் கேட்டன்.

பொடியள் ரயரைக் கொண்டு போயிட்டாங்க. அடுத்த கிழமை அவங்களே வந்து, சின்னப்பிள்ளையள் உள்ளுக்குப் போகாத மாதிரி வாசல்ல இருந்து பத்தடி தள்ளி முள்ளுக்கம்பி அடிச்சுக் குடுத்தாங்க. வாசலை மூடேல்ல.

எனக்குச் சரிக்கட்டேலாத கேள்வி இதுதான். பத்துமலை இருட்டுக்குகையை 2019 இல பார்வையாளருக்குப் பூட்டினாங்க எண்டு கேள்விப்பட்டோண்ண முதல்ல எனக்கு வந்தது நிம்மதி. என்னை மாதிரி ஒருத்தன் இனிப் பிளாஷ் அடிக்கமாட்டான். அண்டு ராவே மற்றப் பக்கத்தால யோசிச்சன். அந்தப் பிள்ளை எங்களை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போகாட்டி, எச்சக் குவியலைக் காட்டாட்டி, மாமிக்கு அந்த ரெண்டு நிமிச இருட்டுக் கிடைக்காட்டி, நாங்க ரெண்டு பேரும் பங்கர் வாசல்ல அண்டைக்கு என்ன செய்திருப்பம்? நான் பொடியளோட சேர்ந்து கல்லுத் தூக்கிக் குடுத்திருப்பன். பார்க்காதவனுக்கு அக்கறை வராது, பார்க்கப் போனாலே பார்க்கிற சாமானுக்குச் சேதம். ரெண்டும் உண்மை. கண்டதுக்கு நான் நன்றி சொல்லவேணும், கண்டதுக்கு நான் மன்னிப்பும் கேட்கவேணும், ரெண்டையும் ஆரிட்டப் போய்க் கேட்கிறதெண்டுதான் தெரியேல்ல.

இப்ப என்ட மகனுக்கு ஒன்பது வயசு. பங்கருக்குள்ள கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ரெண்டு வருசமாக் கரைச்சல். அந்தப் போட்டோவை அவனுக்குக் காட்டினன். பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பார்த்திட்டு "இதில ஒண்டும் இல்லையே அப்பா" எண்டான். மாமி பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவ, தலை நிமித்தாமலே, "உள்ளுக்க ஆள் இருக்கு" எண்டா. அவன் திரும்பவும் போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போறதில்லை எண்டு முடிவெடுத்தாச்சு, அதால வெளிய எண்ணுறம். ஆறு மணி கழிய முள்ளுக்கம்பிக்கு இங்கால மூண்டு கதிரையைப் போட்டு, ரோச்சையும் போனையும் வீட்டில வச்சிட்டு இருப்பம். முதல் ஒண்டு வாசலடியில ஒரு சுத்துச் சுத்திட்டு உள்ளுக்குத் திரும்பிடும். கொஞ்சத்தால ரெண்டு, பிறகு அஞ்சாறு, பிறகு எண்ணேலாத மாதிரி, இலுப்பை மரத்துப் பக்கமாகச் சரிஞ்சு போகும். நேற்று அவன் நூத்திப் பன்ரெண்டு எண்டான், மாமி தொண்ணூறைத் தாண்டேல்ல எண்டு அடம்பிடிச்சா, எனக்கு எழுபதோட கணக்குப் பிசகிட்டுது.